ஓட விட்டே கொடுத்த வண்டி

என் வண்டியை வாங்கிக்கொண்டு போனவனிடம் ஒரு குறைகூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் பேரம் பேசவில்லை. குடிப்பவன் இல்லை. வார்த்தைக்கு வார்த்தை அண்ணே என்றான். சமயநல்லூரில் கல்யாணப் பந்தலும் சீரியல் லைட்டும் போடுகிற தொழில், முப்பது வயது இருக்கும், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கபடி ஆடுகிற உடம்பு. கெட்டவனாக இருந்திருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். நல்லவன் மேல் பொறாமைப்படுவது இருக்கிறதே, அது மோர் குடித்தாலும் அடங்காத நெஞ்செரிச்சல். வெளியே சொன்னால் நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கார். இரண்டே கதவு, எட்டு சிலிண்டர், ஒரு கட்டிலைப் போடலாம் போல நீளமான பானெட். ஸ்டியரிங் இடது பக்கம். மலை மேல் எஸ்டேட்டில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஆசைப்பட்டுக் கப்பலில் இறக்கியது என்று சொல்வார்கள். அவர் ஊருக்குப் போனபோது அது ஒரு அரிசி ஆலைக்காரரிடம் வந்தது. அவரிடம் அது தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே வருஷக்கணக்கில் நின்றது. எனக்குப் பழங்காநத்தத்தில் பேட்டரிக் கடை. ஒருநாள் ஆலைக்காரர் அந்த வண்டிக்கு ஒரு பேட்டரி கேட்டு ஆள் அனுப்பினார். நானே கொண்டுபோய் மாட்டினேன். சாவியைத் திருப்பியதும் அது ஒரு செருமல் செருமி உறுமியது பாருங்கள், அன்றைக்கு என் புத்தி போனது போனதுதான். அடுத்த மாதமே அது என் வீட்டு ஷெட்டில் நின்றது. என் மனைவி அப்போது கல்யாணமாகி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தாள். அவள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு எங்க அப்பா போட்ட நகைய வித்திருக்கீங்க. அப்ப இவ எனக்கு மூத்தவளா, இளையவளா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வண்டிக்கு "அவ" என்றுதான் பெயர்.

அது கண்காட்சியில் நிறுத்துகிற வண்டி இல்லை. ரோட்டில் ஓடுகிற வண்டி. நான் அதைப் பெருமையாகவே சொல்வேன். ரேடியேட்டர் லாரியுடையது. ஹாரன் பஸ்ஸுடையது. வைப்பர் மோட்டார் ஒரு அம்பாசிடரிலிருந்து எடுத்தது. டேஷ்போர்டில் ஒரு நீள வெடிப்பு. வலது பக்கக் கதவுக் கண்ணாடி இறங்காது. எத்தனையோ பேர் இறக்கிப் பார்த்துத் தோற்றுப் போனார்கள். மெரூன் பெயின்ட் நான் அடித்தது, அதற்குக் கீழே ஆலைக்காரர் அடித்த வெள்ளை, அதற்கும் கீழே என்ன இருந்தது என்று நான் சுரண்டிப் பார்த்ததில்லை. ஆனால் சாவி போட்டால் எடுக்கும். உடனே எடுக்காது. சோக்கைப் பாதி இழுத்து, ஆக்ஸிலேட்டரை இரண்டு மிதி மிதித்து, காலை எடுத்துவிட்டு, ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம் சும்மா இருந்து, அப்புறம் சாவியைத் திருப்ப வேண்டும். முதல் தடவை முனகும். இரண்டாவது தடவை இருமும். நான் ஒரு கெட்ட வார்த்தை சொல்வேன். மூன்றாவது தடவை எடுக்கும். எனக்கும் அதற்கும் இருந்த உறவு அப்படி.

மதுரையைச் சுற்றி மாப்பிள்ளை அழைப்பு என்றால் என் வண்டியைக் கேட்டு வருவார்கள். பூ அலங்காரம் செய்து, முன் சீட்டில் மாப்பிள்ளையை உட்கார வைத்து, பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை ஊர்வலம். நான் வேறு யார் கையிலும் சாவியைக் கொடுத்ததில்லை. எத்தனை மாப்பிள்ளைகளை இறக்கிவிட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை. அதில் ஒரு சங்கடம் உண்டு. அமெரிக்காவின் நெடுஞ்சாலையில் பறப்பதற்குச் செய்த எஞ்சினை நாம் மேளத்துக்குப் பின்னால் நத்தை வேகத்தில் உருட்டுகிறோம். கொஞ்ச தூரத்திலேயே சூட்டு முள் சிவப்புக்கு ஏறிவிடும். ஒருநாள் ஆரப்பாளையம் நெரிசலில், முள் ஏறிக்கொண்டிருந்த பதற்றத்தில் எதையோ இழுக்கப் போய் ஹீட்டர் லீவரை இழுத்துவிட்டேன். மதுரையில் காருக்குள் ஹீட்டர் என்றால் எந்த மடையன் போடுவான்? ஆனால் முள் இறங்கியது. எஞ்சினுடைய சூடு மொத்தமும் வண்டிக்குள் வந்துவிட்டது. உள்ளே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்குச் சந்தனம் கரைந்து சட்டையில் வழிந்தது. அன்றிலிருந்து அதுதான் என் வித்தை. மாப்பிள்ளை கையில் ஒரு பனையோலை விசிறியைக் கொடுத்துவிட்டு, "தம்பி, கொஞ்சம் வேர்க்கும், பொறுத்துக்கங்க" என்று சொல்லி லீவரை இழுத்துவிடுவேன். அந்த லீவருக்குக் குமிழ் இல்லை, உடைந்து போயிற்று. விரல்களின் பின்புறத்தால் ஒரு தட்டு தட்டினால்தான் நகரும்.

எனக்கு ஒரே மகன். அவன் தவழ்ந்த காலத்திலிருந்தே நான் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றுதான்: இவன் கல்யாணத்துக்கு இந்த வண்டியை நான்தான் ஓட்டுவேன். மாப்பிள்ளையின் அப்பன் வண்டி ஓட்டுவது முறையில்லை என்று உறவுக்காரர்கள் சிரிப்பார்கள். முறையாவது ஒண்ணாவது என்பேன். அதைத் தவிர எனக்குப் பெரிய ஆசைகள் இருந்ததில்லை.

இடது முழங்கால் அதைக் கெடுத்தது. அந்த வண்டியின் கிளட்ச் லேசுப்பட்டதில்லை. மாவு மில்லில் பெல்ட்டைக் காலால் தள்ளுகிற கனம். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், செல்லூரில் ஒரு ஊர்வலத்தில், கிளட்ச்சை மிதித்த கால் அப்படியே பூட்டிக்கொண்டது. வண்டி ஒரு குதி குதித்து, முன்னால் போன தவில்காரர் கெண்டைக்காலில் பம்பரை உரசியது. அடி ஒன்றும் இல்லை. ஆனால் அவர் வாசிப்பை நிறுத்தாமலே திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையோடு வீட்டுக்கு வந்தேன். மூட்டு மாற்று ஆபரேஷன் ஆயிற்று. "நடக்கலாம், படி ஏறலாம், கியர் இல்லாத வண்டி ஓட்டலாம். அந்தக் கிளட்ச்சை மட்டும் மறந்துருங்க" என்றார் டாக்டர். என் மனைவி டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். ஆபரேஷனுக்காகவா இதற்காகவா என்று நான் கேட்கவில்லை.

விற்றுவிடுவது என்று முடிவானது. நிற்க வைத்து அழகு பார்க்கலாமே என்று மகன் சொன்னான். தவிட்டு மூட்டைக்கு நடுவே நின்ற வண்டியை நான் பார்த்திருக்கிறேன். ஓடாவிட்டால் அது செத்துவிடும். மகனே போனில் விளம்பரம் போட்டான். "ஓட்டுவதற்கு நல்ல நிலை. கண்காட்சிக்கு அல்ல" என்று நான் சொல்லச் சொல்ல எழுதினான். முதல் போன் அரை மணி நேரத்தில் வந்தது. "மைலேஜ் என்னண்ணே குடுக்கும்?" என்று கேட்டான் ஒருத்தன். யானை வாங்க வந்தவன் ஒரு நாளைக்கு எத்தனை இட்லி தின்னும் என்று கேட்ட மாதிரி இருந்தது. போனை வைத்துவிட்டேன். இன்னொருவர் எஞ்சினை எடுத்துப் போட்டுவிட்டு டீசல் எஞ்சின் வைக்கலாமா என்றார். அவரை நான் திட்டியதை மனைவி அடுக்களையிலிருந்து கேட்டுவிட்டு, "வயசான காலத்துல வாயக் குறைங்க" என்றாள்.

கோயம்புத்தூரிலிருந்து பழைய கார் சேர்க்கிற ஒரு பெரிய மனிதர் வந்தார். வெள்ளைக் கையுறை, டார்ச் லைட், ஒரு சின்னக் காந்தம். காந்தத்தை வண்டியின் உடம்பெல்லாம் வைத்து வைத்துப் பார்த்தார். தகரம் போய்ப் பட்டி பூசி அடைத்த இடங்களில் அது நழுவி விழுந்தது. பின் மட்கார்டில் மூன்று தடவை விழுந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பெண் பார்க்க வந்தவர் பெண்ணின் பல்லை எண்ணினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு. "சார், அந்தக் காந்தத்த என் முழங்கால்ல வச்சுப் பாருங்க, நல்லா ஒட்டும். அத வேணா வாங்கிட்டுப் போங்க" என்றேன். அவர் காபியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு.

அப்புறம் வந்தவன்தான் சமயநல்லூர் பந்தல்காரன். பைக்கில் வந்தான். பெயின்ட்டைப் பார்க்கவில்லை, டயரை உதைக்கவில்லை. "அண்ணே, எங்க அக்கா கல்யாணத்துல மச்சானை நீங்கதான் இந்த வண்டியில கூட்டியாந்தீங்க. அப்ப இருந்தே இது மேல ஒரு கண்ணு. ஒரு தடவை உள்ள உக்காந்து பாக்கலாமா?" என்று கேட்டான். சாவியைக் கொடுத்தேன். சோக் விஷயத்தைச் சொல்வதற்குள் திருப்பிவிட்டான்.

எடுத்துவிட்டது. முதல் தடவையிலேயே. முனகல் இல்லை, இருமல் இல்லை, கெட்ட வார்த்தைக்கு வேலையே இல்லை. வீட்டுக்காரனிடம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பவள் பக்கத்து வீட்டுக்காரரிடம் பல்லைக் காட்டிப் பேசுகிற மாதிரி அப்படி ஒரு இணக்கம். அவன் இடது காலை நீட்டிக் கிளட்ச்சை மிதித்தான். கைலிக்குக் கீழே அந்த முழங்கால் வெண்ணெய் மாதிரி மடங்கி நீண்டது. நான் வண்டியைப் பார்க்கவில்லை, அந்த முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு ஆண்பிள்ளையின் காலை அப்படி வெறித்துப் பார்ப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. என் மனைவி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் போன பிறகு, "முப்பது வருஷம் நான் எரிஞ்சேன். இனிமே நீங்க எரிங்க" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

வண்டியைக் கொடுக்கிற அன்று ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். நான் ஸ்டார்ட் செய்து தருவேன், அப்படியே ஓட்டிக்கொண்டு போக வேண்டும், என் வாசலில் அதை நிறுத்தக் கூடாது. எரிகிற விளக்கை ஊதி அணைத்து யாரும் யார் கையிலும் கொடுக்க மாட்டார்கள். ஓடுகிற வண்டி என்று சொல்லித்தானே விற்றேன், ஓட விட்டே கொடுக்கிறேன் என்றேன். அவன் மறுபேச்சுப் பேசாமல் சரிண்ணே என்றான். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். கதவை லேசாகத் தூக்கிச் சாத்த வேண்டும். மழையில் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். ஹீட்டர் விஷயத்தை எல்லாவற்றையும்விட விளக்கமாகச் சொன்னேன்; குமிழ் இல்லாத லீவரை விரல்களின் பின்புறத்தால் தட்டிக் காட்டினேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு, சீக்கிரம் மறந்துவிடுவான் என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை எனக்கு இருந்தது. வண்டி எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு தெருவில் இறங்கியது. "போயிட்டு வாரேண்ணே" என்று அவன்தான் சொன்னான். வண்டி ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அவன் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டிருந்தான். பாண்டி கோயில் வாசலில் வண்டிக்குப் பூஜை. முகப்பில் ரோஜா மாலை, பானெட்டில் சந்தனம், சக்கரத்துக்குக் கீழே புது எலுமிச்சம்பழம். ஷோரூமிலிருந்து நேற்று இறங்கிய வண்டிக்குச் செய்கிற பூஜை. முப்பது வருஷம் என் ஷெட்டில் கிடந்தது என்பதற்கு ஒரு அடையாளம் இல்லை. அன்றிலிருந்து பல் விளக்குவதற்கு முன்னால் அவன் ஸ்டேட்டஸைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. வண்டி வைகைப் பாலத்தில் போகும். வண்டி அவன் வீட்டு மல்லிகைப் பந்தலுக்குக் கீழே நிற்கும். அவன் அம்மா அதன் மேல் வடகம் காய வைத்திருப்பார். வடகத்தைப் பார்த்தபோது மட்டும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஒருநாள் போன் செய்தான். "அண்ணே, என் ஸ்டேட்டஸ டெய்லி மொத ஆளா பாக்குறது நீங்கதான்ணே" என்றான். பார்த்தவர்கள் பெயர் அவனுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. கடையில் வேலையாக இருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஒரு மாதம் வண்டி ஸ்டேட்டஸில் வரவே இல்லை. விற்றுவிட்டானோ, ரிப்பேரோ, இடித்துவிட்டானோ என்று மூன்றுக்கும் மாறி மாறிச் சந்தோஷப்பட்டேன். அப்புறம் வந்தது. பச்சை நிறத்தில். அடர்ந்த மாவிலைப் பச்சை. மெரூனைச் சுரண்டி, வெள்ளையைச் சுரண்டி, அடியில் அதன் பிறவி நிறத்தைக் கண்டுபிடித்து, அதையே பார்த்துப் பூசியிருக்கிறான். அழகாக இருந்தது, அதுதான் தாங்க முடியவில்லை. அவ்வளவு வருஷம் கூடவே இருந்த என்னிடம் காட்டாத நிறத்தை இவனிடம் ஆறே மாதத்தில் காட்டியிருக்கிறது. போனை மனைவியிடம் நீட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "அவளுக்கு இதுதான் எடுப்பா இருக்கு. உங்களுக்குச் சேலை எடுக்கவே தெரியாது" என்றாள். யானையை விற்றுவிட்டு அங்குசத்துக்குச் சண்டை போடுகிறவன் என்று என்னைச் சொல்வார்கள் என்பதால் நான் அவனிடம் எதுவும் கேட்கவில்லை.

இதற்கிடையில் மகனுக்குப் பெண் அமைந்தது. நாகமலை புதுக்கோட்டையில் வீடு. சம்பந்தி பல்கலைக்கழகத்தில் அலுவலக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் முன்கூட்டியே யோசித்துச் செய்கிற, பிறர் மனம் கோணக் கூடாது என்று நினைக்கிற மனிதர். கல்யாணம் திருப்பரங்குன்றத்தில் ஒரு மண்டபத்தில். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி பிடிப்பது பெண் வீட்டார் பொறுப்பு. மாப்பிள்ளை வீட்டார் அதில் வாய் வைக்கக் கூடாது. இந்த முறை இருப்பதை நினைத்து எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஏதோ ஒரு வெள்ளைக் காரைப் பிடித்துவிடுவார்கள், நான் ஓட்டாததைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். பிள்ளையார் கோயில் வாசலில் பட்டு வேட்டி கட்டி, மேளக்காரர்களோடு நின்றுகொண்டிருந்தோம். மகன் கோட்டு போட்டிருந்தான். இந்த வெயில் ஊரில் மாப்பிள்ளைகளுக்கு யார் இதைக் கண்டுபிடித்தார்களோ. சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு சர்ப்ரைஸ் இருக்கு சம்பந்தி. உங்களுக்காகவே அலைஞ்சு புடிச்சேன்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் கேட்டுவிட்டது. தெருத் திருப்பத்துக்கு அந்தப் பக்கம், வேறு யாருக்கும் கேட்பதற்கு முன்னால். எட்டு சிலிண்டரின் உறுமல், நடுவில் ஒரு சின்னத் தடுமாற்றம், மறுபடி உறுமல். அந்தத் தடுமாற்றத்தை அவனால்கூடச் சரி செய்ய முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் பச்சை நிறம் திரும்பி வந்தது. மல்லிகையும் ரோஜாவும் போட்டு, அவன் பந்தல்காரன் இல்லையா, சிங்காரித்துக் கொண்டுவந்திருந்தான்.

"மாப்ளதான் ஒரு தடவ பேச்சுவாக்குல சொன்னாரு, அப்பாவுக்கு அந்த வண்டின்னா உயிருன்னு. உங்க வண்டியிலயே உங்க பிள்ள வரட்டும்னு நெனச்சேன்" என்றார் சம்பந்தி. அவர் கண் கலங்கியிருந்தது. என்னை இம்புட்டுக் கஷ்டப்படுத்துவதற்கு அந்த நல்ல மனிதர் எம்புட்டு அலைந்திருக்கிறார். நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

மகன் முன் சீட்டில் வலது பக்கம் ஏறினான். பெண்ணின் அண்ணன் பின் சீட்டில். ஸ்டியரிங்கில் பந்தல்காரன். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்து குனிந்து கும்பிட்டான். "அண்ணே, நீங்களும் ஏறிக்கங்க, பின்னாடி இடம் இருக்கு" என்றான். என் வண்டியில் எனக்குப் பின் சீட்டில் இடம் இருக்கிறதாம். "முறையில்ல தம்பி, நான் நடந்து வாரேன்" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக முறை எனக்குக் கைகொடுத்தது.

ஊர்வலம் நகர்ந்தது. நான் வண்டிக்கு இடது பக்கம், ஸ்டியரிங் ஓரமாக நடந்தேன். மாற்றி வைத்த மூட்டுக்கு ஏற்ற வேகம்தான். எல்லோரும் மேளத்தைக் கேட்டார்கள், நான் எஞ்சினைக் கேட்டேன். கிளட்ச்சை அவன் விடுவதும் பிடிப்பதும் சத்தத்திலேயே தெரிந்தது. ஒரு குதிப்பு இல்லை. முன்னால் ஒரு தவில்காரர் போய்க்கொண்டிருந்தார்; அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இடையிடையே என் சொந்தக்காரர்கள் வந்து, "வண்டி சூப்பரா இருக்கே, யாருது?" என்று கேட்டார்கள். பச்சை நிறத்தில் அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. 

தேரடி தாண்டியதும் எஞ்சின் வாசம் மாறியது. சூடு ஏறுகிறது. எனக்கு அந்த வாசம் நன்றாகத் தெரியும். கூட்டம் நகரவில்லை, எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மேளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போனால் முள் சிவப்புக்குப் போகும், ஆவி அடிக்கும், வண்டி நின்றுவிடும். நான் தலையைத் தூக்கி மலையைப் பார்த்தேன். முருகா, நிற்கட்டும் என்று வேண்டினேன். என் மகன் மாப்பிள்ளையாக உட்கார்ந்திருக்கிற வண்டி, அவன் ஊர்வலத்தில், நடுத்தெருவில் நின்று போகட்டும் என்று வேண்டினேன். நின்றால் எல்லோரும் என்னைத் தேடி வருவார்கள். வேறு யாரைத் தேடுவார்கள்? ஒரே ஒரு நிமிஷம் பந்தல்காரன் முகம் வாட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அவன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் வலது கையை டேஷ்போர்டுக்குக் கொண்டுபோனான். விரல்களின் பின்புறத்தால் ஒரு தட்டு தட்டினான். லீவர் நகர்ந்தது. நான் தட்டிக் காட்டிய அதே தட்டு. பச்சைப் பெயின்ட் அடித்தவன் ஒரு குமிழ் போட்டிருக்கலாம், போடவில்லை. கொஞ்சத்தில் எஞ்சின் அடங்கியது. முருகன் அவன் பக்கம்.

ஆனால் என் மகன் வேக ஆரம்பித்தான். வலது பக்கக் கண்ணாடி இன்னும் இறங்கவில்லை போலிருக்கிறது. நெற்றிச் சந்தனம் மூக்கு வழியாக இறங்கியது. கோட்டுக் காலரை இழுத்து இழுத்து விட்டான். "மாப்ளைக்கு இப்பவே பயம் வந்துருச்சுடா" என்று பெண் வீட்டுப் பிள்ளைகள் கத்தினார்கள். பந்தல்காரன் சீட்டுக்கு அடியிலிருந்து எதையோ எடுத்து அவனிடம் நீட்டினான். பனையோலை விசிறி. என்னுடையது. வண்டியோடு போய்விட்டது என்றுகூட எனக்கு நினைவில்லை. மகன் அதை வாங்கி விசிறிக்கொண்டே ஜன்னலுக்கு இந்தப் பக்கம் என்னைத் தேடிப் பார்த்துச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த விசிறியைக் கொடுத்திருக்க வேண்டிய கை என் கை.

மண்டப வாசலில் வண்டி நின்றது. பெண் வீட்டுப் பெண்கள் ஆரத்தித் தட்டோடு காத்திருந்தார்கள். அவன் எஞ்சினை நிறுத்தவில்லை. ஓட விட்டபடியே கதவைத் திறந்து இறங்கி என்னிடம் வந்தான்.

"அண்ணே, அன்னைக்கு ஓட விட்டே குடுத்தீங்க. உங்க கையால நிப்பாட்டவே இல்ல. இன்னைக்கு நீங்க ஆஃப் பண்ணுங்க. அதுக்குக் கிளட்ச்ச மிதிக்க வேணாம்ணே" என்றான்.

பாருங்கள், எதையும் மறக்கவில்லை. கட்டிக் கொடுத்த சோறு இவனிடம் கெட்டுப்போகவே இல்லை. மறுத்துவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன், ஆனால் கால் அதற்குள் உள்ளே போய்விட்டது.

உட்கார்ந்ததும் ஏதோ சரியில்லை. ஸ்டியரிங் தூரமாக இருந்தது. பெடல் எட்டவில்லை. சீட்டைப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறான், அவன் நீளக் காலுக்கு. முப்பது வருஷம் ஒரே இடத்தில் துருப்பிடித்துக் கிடந்த சீட். பெயின்ட் மாறியபோதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. அந்த ஹீட்டர் காற்று முகத்தில் அடிக்க, சாவியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எஞ்சின் உறுமியது, தடுமாறியது, உறுமியது. நான் நிறுத்திவிட்டால் மறுபடி எடுக்கப் போகிறவன் அவன். அவனுக்கு ஒரே திருப்பில் எடுத்துவிடும்.

"அப்பா, ஆஃப் பண்ணுங்கப்பா. வேகுது" என்றான் பக்கத்து சீட்டில் என் மகன். நான் ஓட்டிக் கூட்டிவர வேண்டும் என்று நினைத்த மகன். நாங்கள் இரண்டு பேரும் அந்த வண்டியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம், மேளம் முழங்கிக்கொண்டிருந்தது, வெளியே ஊரே நின்றது. ஒரு அடிகூட நகராத வண்டியில்தான், ஆனாலும் உட்கார்ந்திருந்தோம். அவன் விசிறியை என் பக்கம் திருப்பி இரண்டு வீச்சு வீசினான்.

என் மனைவி ஜன்னலில் குனிந்தாள். "பிள்ளைய இறக்கி விடுங்க. அவள அப்புறம் கொஞ்சிக்கலாம்" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை.

எம்பி ஆக்ஸிலேட்டரை எட்டி ஒரே ஒரு மிதி மிதித்தேன். திருப்பரங்குன்றம் மலையில் பட்டுத் திரும்பியது சத்தம். மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள், ஆரத்தித் தட்டு ஆடியது. பிறகு சாவியைத் திருப்பினேன். மகன் இறங்கி ஆரத்திக்கு நின்றான். எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள், பந்தல்காரனும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் இறங்குவதற்கு முன்னால் சீட்டுக்குக் கீழே கையை விட்டுப் பூட்டை விடுவித்தேன். கிரீஸ் போட்டிருக்கிறான், லேசாக நகர்ந்தது. சீட்டை என் இடத்துக்கு, முன்னால், கடைசி வரை இழுத்து வைத்துவிட்டு இறங்கினேன். அடுத்த தடவை ஏறும்போது அவன் முழங்கால் இடிக்கட்டும்.